கையில் வாங்காத கத்தி

மலையேறப் போகும் மகளுக்காக விதுரா ஊர்க் கடையொன்றில், மடங்காத சின்னக் கத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிடிச்சு நோக்குங்க சேச்சி, பிடி கைக்கு அடங்கணும்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிக் கடைக்காரர் ஒன்றை நீட்டினார். என் கை தானாகப் பின்வாங்கியது. "கீழே வச்சிடுங்கோ, எடுத்துக்கறேன்" என்றேன்.

அலகில் தேங்காயெண்ணெய் மணத்தது. இன்று இடிக்கப்பட்டு, கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் ஸ்ரீவராகத்து வீட்டு அடுக்களையிலும் அதே மணம்தான். வாழையிலை நறுக்க, கயிறு அறுக்க, பலாச்சுளை எடுக்க, என் பென்சிலைச் சீவ என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே பிச்சாத்திக் கத்திதான். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அதைத் தரையில் வைத்துத்தான் எடுப்பார்கள். சண்டை எப்போதோ வந்து, பேச்சையே நிறுத்திவிட்டிருந்த அம்மாவும் அத்தையும்கூட இந்த வழக்கத்தை விடவில்லை. ஒருத்தி பிசின் போக எண்ணெய் தடவி டக்கென்று தரையில் வைப்பாள், மற்றவள் எடுத்துக்கொள்வாள், அந்த டக்தான் அவர்களுக்குள் நாள் முழுக்க நடந்த பேச்சு.

வீட்டை விற்றுப் பிரிந்த காலையில், அத்தை கத்தியைத் துடைத்து, பிடியைத் திருப்பி, நேரே அம்மாவிடம் நீட்டினாள்.

"கையிலேயே வாங்கிக்கோங்கோ மன்னி. இனிமே சண்டை போட ஆத்துல யார் இருக்கா?"

அம்மா வாங்கிக்கொண்டாள். வண்டி வந்த பிறகும் அதை எங்கும் கீழே வைக்கவில்லை.