சாமியை மூடும் வெள்ளைத் தாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜப்பானுக்குப் போனதில்லை. அந்த நாட்டுக் கோயில்களைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மனைவி வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்குகிற கதைகள்தான். இதில் பிழை இருந்தால் நான் மறந்ததாக இருக்கும். அவள் சரியாகத்தான் கேட்டிருப்பாள்.

சுவிஸில், லுசேர்ண் நகரத்தில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் அவள் வேலை செய்தாள். நான் அதே ஹோட்டலின் சமையலறையில். கட்டில் விரிப்புகளை இரண்டு பக்கமும் பிடித்து, தேய்க்கிற மெஷினுக்குள் விட இரண்டு பேர் வேண்டும். அவளுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரு ஜப்பான் பெண். எங்களைவிட மூத்தவர், தனியாக இருப்பவர். வருஷக் கணக்காக முகத்துக்கு முகம் நின்றால் கதைக்காமல் இருக்க முடியாது. இருவரிடமும் இருந்தது உடைந்த ஜெர்மன்தான், அது போதுமாக இருந்தது. அவள் அவரை ‘அக்கா’ என்று கூப்பிடுவாள். சலவைப் பகுதி மேற்பார்வையாளரும் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து அப்படியே கூப்பிட்டார். அவர் திருத்தவில்லை.

அவர்களுடைய கதை பெரும்பாலும் சாமிக் கதை. ஜப்பான்காரருடைய பழைய சமயத்துக்கு ஷிண்டோ என்று பெயர். ஆதியில் அவர்களுக்குக் கோயில் கட்டடமே இருக்கவில்லையாம். மலை, பாறை, பெரிய மரம், இவற்றில் சாமி இறங்கி வரும். மரத்தைச் சுற்றி வைக்கோல் கயிறு கட்டினால் அது புனிதமான இடம். சாமிக்கு மரத்தால் வீடு கட்டியது பிறகுதான். முன்னால் இரண்டு தூணும் குறுக்குச் சட்டமுமாக, கதவில்லாத ஒரு வாசல். கையும் வாயும் கழுவிவிட்டுப் போய், இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டி, கடைசியாக ஒரு தரம் குனிய வேண்டும்.

“கைதட்டுறதோ? சாமி என்ன நித்திரையோ?” என்று கேட்டேன்.

“எங்கட கோயிலில மணி அடிக்கேல்லையோ? அது ஆரை எழுப்புறதுக்கு?” என்றாள்.

அவர்களுடைய மிகப் பெரிய கோயிலை இருபது வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவார்களாம். பழையதற்குப் பக்கத்து வளவில், அதே மாதிரி. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அப்படித்தான். இடையில் சண்டைகள் வந்து தடைப்பட்டும், விட்டுவிடவில்லை. சாமி புது வீட்டுக்குப் போனதும் பழையதைப் பிரித்துவிடுவார்கள். அப்படியென்றால் அது பழைய கோயிலா, புதுக் கோயிலா என்று கேட்டேன். அடுத்த நாள் பதில் கொண்டுவந்தாள்.

“ரெண்டும்தானாம். உங்களுக்கு விளங்காதாம்.”

“அவ சொன்னவவோ, நீர் சொல்லுறீரோ?”

“கடைசிச் சொல்லு என்ர.”

ஒருநாள் ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவள் போல வந்தாள். அக்காவின் வீட்டில், சமையலறைத் தட்டில், மரத்தால் செய்த சின்னச் சாமி வீடு ஒன்று இருக்கிறதாம். தினமும் காலையில் அரிசி, உப்பு, தண்ணீர் வைப்பார். வீட்டில் ஒருவர் செத்தால் மட்டும் அதன் முன்னால் வெள்ளைத் தாளை ஒட்டி மூடிவிட வேண்டும். ஐம்பது நாள்வரை கும்பிடுவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. செத்தவீட்டுக் கிரியைகள் அந்தக் கோயில்களில் நடப்பதும் அபூர்வம். அதற்குப் பெரும்பாலும் புத்த கோயில்தான்.

“அச்சொட்டா எங்கட துடக்கு!” என்றாள்.

தீட்டைத்தான் நாங்கள் துடக்கு என்கிறோம். எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தால் உரித்துக்காரர் முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிப்பதில்லை. கூடப்பிறந்தவர்களுக்கும் அது உண்டு. அதைச் சொல்லிக்கொண்டு வந்தவள் இடையில் நிறுத்தினாள்.

“இஞ்சாருங்கோ, நான் செத்தால் அண்ணையும் துடக்குக் காக்கத்தானே வேணும்?”

அவளுடைய அண்ணர் பீல் நகரத்தில், மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் அவளோடு ஒரு சொல் கதைத்ததில்லை. என்னுடைய சாதி அவர்களுக்குச் சரிவரவில்லை. திரிம்பாக் என்ற ஊரிலுள்ள எங்கள் தமிழ்க் கோயிலில் எதிரே வந்தால் சாமியைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் மட்டும் அவர் பின்னால் பார்த்துவிட்டு, “அண்ணை மெலிஞ்சிட்டார்” என்பாள்.

மாரியில் அவளுக்குப் புற்றுநோய் என்றார்கள். கோடையில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகக் கதைத்தது அவரைப் பற்றித்தான்.

“அண்ணைக்குச் சொல்லுங்கோ. வரச்சொல்லிக் கெஞ்ச வேண்டாம். சொன்னால் காணும். உயிரோட இருக்கேக்க கதைக்காட்டியும் துடக்குக் காப்பார். அண்டைக்காவது நான் அவற்ற தங்கச்சிதானே.”

சொன்னேன். எரிக்கிற இடத்துக்கு வந்தார். கடைசி வரிசையில் நின்றார். தேநீருக்கு முன்பே போய்விட்டார். திரிம்பாக்கில் தேர் அந்த முப்பத்தொரு நாளுக்குள் வந்தது. அவர் ஒவ்வொரு வருஷமும் வடம் பிடிக்கிறவர். எனக்கு ஆட்களோடு கதைக்கவே கூச்சம், அதிலும் அவரோடு. ஆனாலும் போன் எடுத்தேன்.

“அண்ணை, தேருக்குப் போறியளோ?”

“அதென்ன கேள்வி?”

“இல்லை... துடக்கெல்லோ.”

“ஆருக்கு?”

“உங்களுக்குத்தான்” என்றேன்.

“நாங்கள் அவளை எப்பவோ தலைமுழுகிப்போட்டம். உமக்கு அது தெரியும்தானே?”

“அவ கடைசியில அதைத்தான் நம்பிக்கொண்டு போனவ, அண்ணை. நீங்கள் காப்பியள் எண்டு.”

“பாப்பம்” என்று வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லை நான் பல நாள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித்தான் இருந்தது.

தேருக்கு முதல்நாள் சனிக்கிழமை. அவளுடைய லாக்கரைத் துப்புரவாக்கி ஹோட்டலில் ஒரு பை தந்திருந்தார்கள். அதற்குள் அக்காவின் சாப்பாட்டுப் பெட்டியும் இருந்தது. அதைக் கொடுக்க அவருடைய வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் வெளியே நின்றபடியே பெட்டியை நீட்டினேன்.

“நான் உள்ளுக்கு வரக்கூடாது. எனக்குத் துடக்கு. உங்கட வீட்டில சாமி இருக்கு” என்று ஜெர்மனில் எப்படியோ சொன்னேன்.

“வாங்கோ. சாமியை மூடியாச்சு” என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. சமையலறையில் குளிர்பெட்டிக்கு மேலே அந்தத் தட்டு. சாமி வீட்டின் முன்னால் வெள்ளைத் தாள், மேல்விளிம்பில் மட்டும் ஒட்டியிருந்தது. பக்கத்தில் வெறும் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். அவருடைய ஆட்கள் யாரோ ஊரில் செத்துவிட்டார்கள், நான் வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்டேன் என்று வெட்கமாகப் போய்விட்டது.

“மன்னிக்க வேணும். அம்மாவோ?”

“அம்மா எப்பவோ செத்துப்போட்டா.”

“அப்ப ஆர்?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தமிழிலேயே, “தங்கச்சி” என்றார். அந்தச் சொல்லை அவள்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தவர் போல இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னார்.

நான் அங்கே கிடந்த கதிரை ஒன்றில் உட்கார்ந்து அழுதேன். சாம்பலை வாங்கியபோதும் அப்படி அழவில்லை. அவர் தேநீர் வைத்தார். செத்தவீட்டுக்காரர் தாங்களே தாளை ஒட்டக்கூடாதாம். அதனால் பக்கத்து வீட்டுச் சுவிஸ் கிழவியைக் கூப்பிட்டு ஒட்டச் சொன்னாராம்.

“தட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறியளோ எண்டு கேட்டவ. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

இருவரும் கொஞ்சம் சிரித்தோம். காலையில் எழும்பினால் அரிசியும் தண்ணீரும் வைக்க இல்லை, கை சும்மா இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். எனக்கும் அதேதான் என்று சொல்ல நினைத்தேன். தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்தேன்.

புறப்படும்போது வாசலில் கேட்டார்:

“அண்ணர் துடக்குக் காத்து வீட்டில இருப்பாரோ?”

அவள் அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

“நாளைக்குத்தான் தெரியும்” என்றேன்.

அடுத்த நாள் திரிம்பாக்கில் தேர் நடந்தது. போனவர்கள் வட்சப்பில் படங்கள் போட்டார்கள். முதல் வரிசையில், மேலில் சந்தனம் பூசி, அண்ணர் வடம் பிடித்திருந்தார். நான் மத்தியானம் சோறு வைத்தேன். மூன்று மணிக்கு வேலைக்குப் போனேன்.