அருவிக்கரை விசில்

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் பெண்கள் குளிக்கும் பக்கம் ஒரு பெண் போலீஸ் நிற்பார். அவர் விசில் ஊதினால், தலை பாதிதான் நனைந்திருந்தாலும் வெளியே வந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். தென்காசிக்காரியான எனக்கு இது சின்ன வயதிலேயே உடம்பில் ஊறிவிட்டது.

வேலைக்காக ஸ்பெயினில் வலென்சியாவுக்குப் போன முதல் மாதம், கடலில் குளித்துவிட்டு, கடற்கரையில் இருந்த பொது ஷவரில் நின்றேன். விசில் கேட்டது. காதுக்குள் மணலோடு துள்ளி வெளியே வந்துவிட்டேன். பின்னால் வரிசையே இல்லை. பக்கத்தில் வாலிபால் ஆடியவர்களின் நடுவர் ஊதியிருக்கிறார். ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி காரணம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. பள்ளி டீமில் ஆடியவள் நான், ஆடிக் காட்டுகிறேன் பார் என்று இறங்கினேன். மணலில் கால் எழும்பவே இல்லை. வந்த பந்தையெல்லாம் விட்டேன்.

ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் வாரம் ஒருவர் தன் தெருவைச் சுற்றிக் காட்டுவார். இரண்டு வருடத்தில், டிராமில் தூங்கினாலும் என் நிறுத்தத்தில் தானாக விழிக்கும் அளவுக்கு அந்த நகரம் பழகிவிட்டது.

போன ஜூலையில் லீவில் ஊருக்கு வந்து குற்றாலம் ஐந்தருவியில் நின்றேன். விசில் கேட்டது. யாரோ பாயிண்ட் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, சுகமாகத் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன். பெண் போலீஸ் வந்து தோளில் தட்டினார்.

“எத்தன தடவ ஊதுதேன், அங்கனயே நிக்கீங்க! ஊருக்குப் புதுசாக்கா?”