லுணுகலை பஸ் ஸ்டாண்டில் அண்ணன் மகன்

அந்தக் காலத்துப் பையன்கள் இப்படி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு எங்கள் அப்பாவின் ஞாபகம்தான் வரும். அவர் இளவட்டமாக இருந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கரகம் முதலில் எந்த லயத்து வீடுகளுக்குப் போவது என்ற திருவிழாச் சண்டையில், தோட்டத்தின் கீழ்ப்பிரிவு ஆள் ஒருவரின் கண்ணைப் போக்கியவர். கோயிலில் கூடிச் சமாதானம் செய்தார்கள். பிறகு இருவரும் ஒரே மலையில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினார்கள். அதைத் தோட்டமே பெருமையாகச் சொல்லும். அந்தக் கை வீட்டுக்குள் என்ன செய்தது என்பது அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

அண்ணன் வெளியே எந்தச் சண்டைக்கும் போனதில்லை. மகனை மட்டும் பெல்ட்டால் அடிப்பார்.

சென்ற வருடம் ஒரு பிற்பகல், பக்கத்து டவுனான லுணுகலைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் மூன்று பையன்கள் ஒருவனைக் கீழே தள்ளி ஹெல்மெட்டால் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். அடித்தவர்களில் ஒருவன் அண்ணன் மகன். அடிபட்டவன் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்.

"டேய், விடுடா! செத்துரப் போறான்!" என்று ஓடிப்போய் அண்ணன் மகன் கையைப் பிடித்தேன்.

அவன் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அத்த, நீங்க தள்ளிப் போங்க. வீடியோவுல விழுந்துருவீங்க" என்றான்.

அண்ணன் மகன் போனில் போட்ட படத்துக்குக் கீழே பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ கேலியாக எழுதினானாம். அவ்வளவுதான் காரணம்.

அன்று மாலை அண்ணன் பெல்ட்டை எடுத்தார். மகன் அந்தக் கையைப் பிடித்து முறுக்கினான். "இத விட்டா வேற என்னாப்பா தெரியும் ஒங்களுக்கு?" அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் போலீஸ் வந்து அவனைக் கூட்டிப் போனது. பிணையில் வந்தவன் கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். இப்போது நாங்கள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. அவன் அம்மா பல மாதம் என்னோடு பேசவில்லை. பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும்போதுகூட முகத்தைப் பார்க்கமாட்டாள்.

போன மாதம் அவளாகவே வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, எம் மகன் பேக்குல கத்தி இருக்கு. எதுக்குடான்னு கேட்டா, எல்லாரும்தான் வச்சிருக்காங்கங்கறான். நீங்க கொஞ்சம் பேசுறீங்களா?"

"நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் பேசுறது?"

"வேற யாருகிட்ட போவேன், சொல்லுங்க."

போய்ப் பேசினேன். அவன் கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டு, கடைசிவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.