ஐசுக்கு மேலே தெரிந்த கறுப்பு மலைகள்

கிரீன்லாந்தில் ஐசைக் கிழித்துக்கொண்டு நிற்கும் மலையுச்சிகளை நான் காலால் மிதித்திருக்கிறேன். பொய். விமானத்தில் கால்மேல் கால் போட்டபடி மேலே பறந்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சந்தோசமாகப் பிரிந்தவர்கள் என்பதால், அது கிரீன்லாந்து என்பதும் அப்போது தெரியாது.

சண்டை ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டினேன். விசாவுக்கான ஸ்பொன்சர் சரிவந்ததும் மனைவியைக் கூட்டிவர மறுபடி போனேன். லண்டனில் விமானம் மாறி, நான் வேலைசெய்யும் மொன்றியலுக்கு வந்துகொண்டிருந்தோம். ஆடி மாதம். ஜன்னலோரம் அவள்.

அதுவரை தொலைபேசியில் அவளுக்கு மொன்றியலை அளந்திருந்தேன். ஊருக்கு நடுவில் மலை, சுற்றிவரப் பனி என்று. கோடையில் பனி இராது என்பதைச் சொல்ல முதல் ஒவ்வொரு முறையும் டெலிபோன் கார்ட்டில் காசு முடிந்துவிடும்.

திடீரென்று என் கையைப் பிடித்தாள். "இஞ்சேருங்கோ, உங்கடை மலை!"

எட்டிப் பார்த்தேன். கண் எட்டும்வரை வெள்ளை. அதற்குள், கழுத்துவரை புதைந்தவர்கள் தலை நீட்டியதுபோல, கூரான கறுப்புப் பாறைகள்.

"வீடுகளைக் காணேல்லை?"

"எல்லாம் ஐசுக்குக் கீழை. ஏணி வைச்சு ஏறித்தான் வேலைக்குப் போறனாங்கள்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயோ, பகிடிக்குச் சொன்னனான். மொன்றியல் இன்னும் கனதூரம்."

"அப்ப முந்திச் சொன்னதெல்லாம்? மொன்றியலிலை பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் வீடு எடுத்திருக்கிறதும் பகிடியோ?"

தாய் தகப்பனை விட்டு, என் வாயை மட்டும் நம்பி வந்தவள். அந்த வாயைப் பற்றி எனக்குத்தான் தெரியும். பயந்துபோய்ப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஜன்னலைக் காட்டினேன்.

"கிரீன்லாந்து," என்றாள் பணிப்பெண். முஷ்டியைச் சுற்றி ஒரு துணியைப் பிடித்து, விரல்மொளிகள் மட்டும் வெளியே தெரியக் காட்டினாள். பெரிய மலைகளாம், ஐஸ் மூடியதுபோக மிச்சந்தான் அந்த உச்சிகளாம். எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

"பாவம், மூச்சுவிட வந்த மாதிரி நிக்குதுகள்," என்றாள் மனைவி. பணிப்பெண்ணை நம்பிவிட்டாள். என்னை இல்லை.

மொன்றியலில் இறங்கினால் கொளுத்தும் வெயில். பனிக்கென்று அவள் போட்டுவந்த தடித்த கோட்டைக் கழற்றச் சொன்னேன். "முதல் வீட்டைக் கண்ணாலை கண்டிட்டுக் கழட்டுறன்," என்றாள். டாக்ஸியில் வேர்த்து ஒழுகினாள். மூன்றாம் மாடிக்கு ஏறிக் கதவைத் திறந்துவிட்டேன். வாசலில் நின்றபடியே குசினி அடுப்பைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், பிறகு கோட்டின் முதல் பொத்தானில் கையை வைத்து...

"என்னப்பா! அங்கை இருந்து என்ன பொய் எழுதுறியள்? வந்து இந்தத் தேங்காயை உடையுங்கோ!" இத்தனை வருசம் கழித்து, குசினியிலிருந்து அதே மனைவிதான்.

"வாறன், வாறன். ரெண்டாவது பொத்தானுக்கு இன்னும்..."

"இப்ப வாங்கோ!"