பங்கோர் ஃபெரியில் கொள்ளையர்களாம்

ஒரு கடற்கொள்ளையர் படத்தைப் பார்த்துவிட்டு, என் மகனுக்கு நிச்சயித்த பெண்ணைத் தர முடியாது என்று இன்று சொல்லிவிட்டார்கள்.

அவர்களுடைய மலை ஊரான பிரிஞ்சாங்கில், ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்துப் பெண்ணின் அப்பாவே சொன்னார். "படத்துல கொள்ளைக்காரனுங்க துப்பாக்கியோட கப்பல்ல ஏறிட்டானுங்க அண்ணே. எப்படிப் பொண்ணு குடுக்கிறது?"

"யோவ், எம்மவன் ஓட்டுறது பங்கோர் தீவுக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஃபெரி. ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு தின்னு முடிக்கிறதுக்குள்ள கரை வந்துரும்லா."

"கடல் கடல்தானே அண்ணே."

மலைப்பாதையில் இறங்கினாலே வாந்தி எடுக்கும் மனிதர் எனக்குக் கடலைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், அதில் எங்காவது பங்கோர் ஃபெரி வருகிறதா என்று எனக்கு எழுத வேண்டும். படம் எடுத்தவர், தீவிலிருந்து பயணிகள் வாங்கி வரும் நெத்திலிக் கருவாட்டு மூட்டைகளைக் கொள்ளையடிக்க எவன் துப்பாக்கியோடு வருவான் என்று விளக்க வேண்டும். பெண்ணின் அப்பா டிக்கெட் எடுத்து ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், வீட்டில் அழுதுகொண்டிருக்கும் மகளிடம் அவள் விருப்பம் என்னவென்று அவர் கேட்க வேண்டும்.