விரலை நீட்டினால் தேத்தண்ணி இல்லை

போன செவ்வாய்க்கிழமை பதுளை கிளினிக்கில் என் ஃபைலை மூடிவிட்டுத் துர்கா சொன்னாள்: “டீச்சர், இனி நீங்க வரத் தேவையில்லைங்க.”

துர்கா எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்த பிள்ளை. நன்றி சொல்ல வாயெடுத்தேன்... அழுகைதான் வந்தது.

நான் எழுதும் இந்தப் பத்தி ஏன் ஏழு மாதம் வரவில்லை என்று வாசகர்கள் கேட்டீர்களே — ஸ்ட்ரோக். கை கால் தப்பின. பேச்சு போய்விட்டது. முப்பது வருடம் வகுப்பில் கத்திய வாய்க்கு ‘தண்ணி’ என்ற ஒரு சொல் வரவில்லை.

என் கணவர் தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் விரலை நீட்டினால் தேத்தண்ணி வரும். புருவத்தைத் தூக்கினால் போர்வை வரும். பரம சுகம். பிறகு எதற்குப் பேச வேண்டும்?

துர்கா அவரைத்தான் பிடித்தாள். “ஐயா, பாசத்துல டீச்சரை ஊமையாக்குறீங்க. இப்படியே விட்டா பேச்சு திரும்புறது கஷ்டம். சத்தம் வந்தா மட்டும் குடுங்க.”

ஆசிரியர் பயிற்சியில் ‘மீளவலியுறுத்தல்’ என்று படித்திருக்கிறேன். எதற்குப் பலன் கிடைக்கிறதோ, அதையே திரும்பச் செய்வோம். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான் — என் வீட்டிலேயே நடந்தது தெரியவில்லை.

மறுநாள் அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு எதிரே நின்றார். விரலை நீட்டினேன். தரவில்லை. முறைத்தேன். தரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் “தே...” என்று ஏதோ வெளியே வந்தது. உடனே கோப்பை என் கையில்.

அந்த வாரம் ‘தே’ போதும். அடுத்த வாரம் ‘தேத்’ வரை போனால்தான் கோப்பை நகரும்.

பிறகு துர்கா ஒரு குண்டைப் போட்டாள். “ஐயாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

நாற்பது வருடமாக ‘இங்க பாருங்க’ என்று மட்டுமே கூப்பிட்டவள் நான். முடியாது என்று தலையை ஆட்டினேன்.

“‘இங்க பாருங்க’ இப்ப வராது டீச்சர். ‘மணி’ சின்னப் பேரு. உதட்டுலயே இருக்கு.”

மூன்று நாள் வெட்கத்தில் போனது. நான்காம் நாள் காலை, குசினியில் இருந்தவரை “ம...ணி” என்றேன். கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. ஓடி வந்தார்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டே அழுதார்.

அந்தப் பிள்ளைக்கும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு கோப்பையோடு நின்ற இந்த மனிதருக்கும் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது ‘இங்க பாருங்க’வும் தெளிவாக வருகிறது. நாத்தனார் முகத்தைச் சுளிக்கிறார். ஆனாலும் நான் ‘மணி’யை விடுவதாக இல்லை.

என்ன செய்ய... அப்படிக் கூப்பிட்டால் இன்னமும் ஓடி வருகிறாரே.