குருவம்மாள் சொல்லாமல் விட்டது

மம்சாபுரம் குருவம்மாள் கை பட்ட பூ காய்க்காமல் போனதில்லை என்பார்கள். காசிராஜனின் பருத்தித் தோட்டத்தில் அவளுக்கு விதைக் கம்பெனிக்காக இரண்டு சாதியைக் கலந்து ஒட்டுவிதை உண்டாக்குகிற வேலை. சாயங்காலம் மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தை நகத்தால் கிள்ளி எடுப்பாள். காலையில் வேறு சாதிப் பருத்திப் பூவைக் கொண்டுவந்து மகரந்தம் தடவுவாள்.

எண்பத்தாறில் கம்பெனி கொடுத்த தாய்விதைப் பை ஒன்று காணாமல் போனது. நாற்பது பெண்கள் பார்க்க, குருவம்மாளின் மடியை அவிழ்த்து உதறச் சொன்னான் காசிராஜன். உதறினாள். வெற்றிலைதான் விழுந்தது. பை மறுநாள் அவனுடைய மோட்டார் ரூமிலேயே கிடைத்தது. அந்த மனுசன் வாய் திறந்து ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அவள் மறுபடியும் வேலைக்குப் போனாள். சூடு சொரணை கெட்டவள் என்று ஊர் பேசியது. ஊருக்கு என்ன தெரியும்? இவன் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று அவள் கறுவிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி சூப்பர்வைசர் இருளப்பசாமி கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொல்கிறவர். ஒட்டில் விளைந்த விதையையே திரும்ப விதைத்தால் என்னாகும் என்று அவரிடம் கேட்டாள்.

"அம்புட்டும் பிரிஞ்சு போகும்மா. செடிக்குள்ள அப்பன் குணம் ஒண்ணு, ஆத்தா குணம் ஒண்ணுன்னு சோடியா இருக்கும். மகரந்தமும் கருவும் உண்டாகையில அந்தச் சோடி பிரிஞ்சிரும். ஒரு தூளுக்கு ஒண்ணுதான் போகும். எது எதோட சேரும்னு ஆரு கண்டா? ஒட்டுல ஒண்ணுபோல நின்ன செடிக்குப் பொறக்கிறது நெட்டையும் குட்டையுமா நிக்கும்."

"மொதலாளிக்குத் தெரியுமா?"

"சொன்னேன். விதை விக்கக் கம்பெனிக்காரன் கட்டுற கதைன்னு சிரிச்சாரு."

இரண்டு வருசம் கழித்துக் காசிராஜன் பஞ்சுக்கென்று ஒட்டுப்பருத்தி போட்டான். நல்ல விளைச்சல். அதிலிருந்து எடுத்த விதையை மறுவருசம் எட்டு ஏக்கரிலும் போட நினைத்தவனுக்கு, கடைசி நேரத்தில் லேசாகச் சந்தேகம் தட்டியது. குருவம்மாளைக் கூப்பிட்டு ஒரு கை விதையை நீட்டினான்.

"ஏட்டி, ஒனக்குத் தெரியாத பருத்தியா? போடலாமா?"

இருளப்பசாமி சொன்னதை அவள் மறக்கவில்லை. விதையை உள்ளங்கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"தங்கம்போல இருக்கு மொதலாளி. தாராளமாப் போடுங்க."

புரட்டாசியில் விதைத்தது கார்த்திகையில் பல்லிளித்தது. ஒரு செடி ஆள் உயரம், பக்கத்துச் செடி முழங்கால் உயரம். இங்கே மஞ்சள் பூ, அங்கே வெளிர் பூ. சில செடி காய்க்கவே இல்லை. எடுத்த பஞ்சில் நீள இழையும் கட்டை இழையும் கலந்து கிடந்தன. ராஜபாளையத்து வியாபாரி இழுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதே பதில்.

காசிராஜன் நேரே தோட்டத்துக்கு வந்து குருவம்மாள் முன்னால் நின்றான். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏட்டி, இப்பிடிப் பிரியும்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றிருந்தால் வேலை நிலைத்திருக்கும். அதற்காகவா இத்தனை வருசம் காத்திருந்தாள்?

"தெரியும். தெரிஞ்சுதான் போடச் சொன்னேன்" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

அதோடு எந்தத் தோட்டக்காரரும் அவளைச் சேர்க்கவில்லை. தொண்ணூறுகள் முழுக்கத் தீப்பெட்டி ஒட்டித்தான் பிழைத்தாள். இப்படி வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்துக்கொண்டாயே என்று யாராவது கேட்டால் தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்:

"அன்னைக்கு அவன் மூஞ்சியப் பாத்தேம்லா. எனக்கு அது போதும்."